ஈயத்தை அளந்தவர்: கிளேர் பேட்டர்சனின் ஆய்வுகள் எதை மாற்றின, எப்படி மாற்றின

பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டுகள் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி இருக்கும், அதோடு தாண்டிப் போய்விடுவோம். ஈயம் கலந்த பெட்ரோல் உலகத்தில் கடைசியாக விற்கப்பட்ட நாடு அல்ஜீரியா, 2021 ஜூலையோடு அங்கும் நின்றது என்று ஒரு செய்தி வந்தது, அதையும் அப்படியே தாண்டிப் போனோம். இந்த இரண்டு வரிகளையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. இரண்டுக்கும் பின்னால் ஒரே ஆய்வகமும் ஒரே தலைவலியும் பெருமளவுக்கு ஒரே ஆளும் இருக்கிறார்கள். அவர் பெயர் கிளேர் கேமரன் பேட்டர்சன், 1922இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் பிறந்த புவிவேதியியலாளர், 1995 டிசம்பரில் இறந்தார்.

பாறைக்கு வயது கணக்கிட்டுக்கொண்டிருந்தவர் பெட்ரோல் கம்பெனிகளோடு மோதும் இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பது பலருக்குப் புரிவதில்லை. திடீரென்று சமூக அக்கறை வந்து துறை மாறிவிட்டார் என்பது போலச் சில கட்டுரைகள் எழுதுகின்றன. அது சரியில்லை. அவர் துறையே மாறவில்லை. 1940களின் கடைசியில் தொடங்கிக் கடைசி வரை அவர் செய்தது ஒரே வேலை: மிகக் குறைந்த அளவு ஈயத்தைச் சரியாக அளப்பது. மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைத்தது. அது எப்படி என்று அடியிலிருந்து பார்க்கலாம்.

## ஈயம் எப்படிக் காலம் காட்டுகிறது

ஈயத்துக்கு நான்கு நிலையான ஐசோடோப்புகள் உண்டு: 204, 206, 207, 208. ஐசோடோப் என்றால் ஒரே தனிமம்தான், அணுவின் எடை மட்டும் கொஞ்சம் வேறு. இதில்,

1. ஈயம்-204 எந்தக் கதிரியக்கச் சிதைவிலிருந்தும் வருவதில்லை. சூரியக் குடும்பம் உருவானபோது எவ்வளவு இருந்ததோ அவ்வளவுதான்.
2. ஈயம்-206, யுரேனியம்-238 சிதைந்து சிதைந்து கடைசியில் வந்து நிற்கும் இடம். அரை ஆயுள் சுமார் 447 கோடி ஆண்டுகள்.
3. ஈயம்-207, யுரேனியம்-235இன் கடைசிப் பொருள். அரை ஆயுள் சுமார் 70 கோடி ஆண்டுகள்தான்.
4. ஈயம்-208 தோரியத்திலிருந்து வருகிறது. நம் கதைக்கு அது அவ்வளவாக வேண்டாம்.

அரை ஆயுள் என்பது இருப்பதில் பாதி சிதைந்துபோக ஆகும் காலம். ஆக, யுரேனியம் உள்ள எந்தப் பாறையிலும் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன, ஒன்று மெதுவாக, ஒன்று வேகமாக. இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. இரண்டு யுரேனியமும் ஒரே தனிமம் என்பதால் வேதியியல் நடத்தை ஒன்றுதான். பாறை உருகும்போதோ நீரில் கரையும்போதோ ஒன்று தங்கி இன்னொன்று ஓடிவிடாது. அதனால் யுரேனியம் எவ்வளவு இருந்தது என்று தனியாகத் தெரியாமலேயே, ஈயத்தின் ஐசோடோப் விகிதங்களை மட்டும் வைத்து வயதைக் கண்டுபிடிக்க வழி உண்டு.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். கடிகாரம் ஓடத் தொடங்கியபோது முள் எங்கே இருந்தது என்று தெரிய வேண்டும். அதாவது பூமி உருவானபோது அதில் ஏற்கெனவே இருந்த ஈயத்தின் விகிதம் என்ன? பூமியில் கிடைக்கும் எந்தப் பாறையிலும் பழைய ஈயமும் பிறகு உண்டான ஈயமும் கலந்துதான் கிடக்கும். இரண்டாம் உலகப் போருக்கு முன் ஆல்ஃப்ரெட் நியர் ஈயத் தாதுக்களின் ஐசோடோப் விகிதங்களை அளந்து வைத்திருந்தார். அந்த எண்களைக் கொண்டு 1940களில் ஆர்தர் ஹோம்ஸ் உள்ளிட்டவர்கள் போட்ட கணக்கு 300 கோடியைத் தாண்டி எங்கேயோ நின்றது. பூமியின் தாதுக்களை மட்டும் வைத்துக்கொண்டு தொடக்கப் புள்ளியை ஊகிக்க வேண்டியிருந்ததால் அதற்கு மேல் துல்லியம் வரவில்லை.

## சிகாகோவில் ஒத்துவராத எண்

போர்க்காலத்தில் பேட்டர்சன் மன்ஹாட்டன் திட்டத்தில், டென்னசியின் ஓக் ரிட்ஜில், யுரேனியம்-235ஐப் பிரிக்கும் வேலையில் இருந்தார். நிறைநிரல்மானி என்ற கருவி அவர் கைக்குப் பழகியது அங்கேதான். அணுக்களை மின்னேற்றி, காந்தப் புலத்தில் வளைத்து, எடைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவி அது. போர் முடிந்ததும் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஹாரிசன் பிரவுனிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார்.

பிரவுன் கொடுத்த வேலை கேட்க எளிதாக இருந்தது. கிரானைட்டில் சிர்கான் என்ற மிகச் சிறிய படிகங்கள் இருக்கும். சிர்கான் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை அநேகமாகச் சேர்ப்பதில்லை. அப்படியென்றால் இன்று அதில் இருக்கும் ஈயம் கிட்டத்தட்ட முழுக்கவும் சிதைவில் வந்ததுதான். சக மாணவர் ஜார்ஜ் டில்டன் யுரேனியத்தை அளப்பார், பேட்டர்சன் ஈயத்தை அளப்பார். வயது ஏற்கெனவே தெரிந்த பாறையில் செய்து பார்த்து, முறை சரியாக வருகிறதென்றால் விண்கல்லுக்குப் போய்விடலாம்.

டில்டனின் எண்கள் எதிர்பார்த்தபடி வந்தன. பேட்டர்சனின் எண்கள் வரவே இல்லை. மாதிரியில் இருக்க வேண்டியதைவிட மிக அதிகமாக ஈயம் தெரிந்தது, அதுவும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவில். சாதாரணமாக இந்த இடத்தில் ஒரு மாணவர் கருவியைச் சந்தேகிப்பார், இல்லாவிட்டால் தலைப்பை மாற்றிக்கொள்வார். பேட்டர்சன் ஆய்வகத்தையே சந்தேகித்தார். குழாய் நீரில் ஈயம், கண்ணாடிக் குடுவையில் ஈயம், கடையில் வாங்கிய அமிலத்தில் ஈயம், சுவர்ப் பூச்சில் ஈயம், காற்றில் மிதக்கும் தூசியில் ஈயம், வேலை செய்கிறவரின் தோலிலும் தலைமுடியிலும்கூட ஈயம். மாதிரிக்குள் இருந்த ஈயத்தைவிட இவையெல்லாம் சேர்ந்து கொட்டியது அதிகம்.

## வெற்று அளவீடு: இந்தக் கதையின் மையம்

இந்த ஒரு கருத்து பிடிபட்டால் மீதிக் கதை தானாக விளங்கிவிடும். எந்த மாதிரியும் போடாமல், அதே குடுவை, அதே அமிலம், அதே வரிசையில் முழுச் சோதனையையும் செய்து பார்ப்பதுதான் வெற்று அளவீடு. அதில் வரும் எண் உங்கள் ஆய்வகமே சேர்த்த அழுக்கு. எண்ணெய் வாங்கும்போது பாத்திரத்தின் எடையைக் கழிக்கிற மாதிரி, அதை முடிவிலிருந்து கழித்துக்கொள்ளலாம்.

ஆனால் பாத்திரத்தின் எடை எண்ணெயின் எடையைப் போல நூறு மடங்கு இருந்து, அதுவும் நிறுக்கும்போதெல்லாம் மாறிக்கொண்டே இருந்தால்? கழித்துப் பயனில்லை. அப்போது ஒரே வழி, அழுக்கைக் குறைப்பது. பேட்டர்சன் அதைத்தான் செய்தார். பாத்திரங்களை அமிலத்தில் மீண்டும் மீண்டும் ஊறவைத்துக் கழுவினார், நீரையும் அமிலத்தையும் தாமே திரும்பத் திரும்ப வடித்துச் சுத்தம் செய்தார், 1952இல் பிரவுனோடு கலிபோர்னியாவின் கால்டெக் நிறுவனத்துக்குப் போனதும் வடிகட்டிய காற்றை உள்ளே தள்ளி வெளிக்காற்று நுழையாதபடி அழுத்தம் வைத்த ஆய்வகத்தையே கட்டிக்கொண்டார். உள்ளே போகிறவர்கள் தனி உடை போட வேண்டும். உலகத்தின் முதல் தூய்மை ஆய்வகங்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள்.

என் பார்வையில் அவருடைய மிகப் பெரிய பங்களிப்பு இதுதான், பூமியின் வயதெல்லாம் இதற்குப் பிறகுதான். வயதை வேறு யாராவது சில ஆண்டுகள் கழித்துக் கண்டுபிடித்திருப்பார்கள். "என் எண்ணில் எவ்வளவு நான் சேர்த்தது?" என்ற கேள்வியை இவ்வளவு பிடிவாதமாகக் கேட்க ஆள் கிடைப்பது அரிது. பெரும்பாலான ஆய்வகங்கள் அந்தக் கேள்வியை அடுத்த முப்பது ஆண்டுகளுக்குக் கேட்கவில்லை, அதன் விளைவைக் கீழே பார்ப்போம்.

## 455 கோடி எப்படி வந்தது

தொடக்க ஈயத்தின் விகிதத்தை எங்கே தேடுவது? இரும்பு விண்கற்களில் ட்ரோய்லைட் என்ற இரும்பு சல்பைடு கட்டிகள் இருக்கும். அதில் ஈயம் உண்டு, யுரேனியம் ஏறக்குறைய இல்லவே இல்லை. யுரேனியம் இல்லையென்றால் புதிய ஈயம் உண்டாகாது, ஆகவே அதில் இருப்பது சூரியக் குடும்பம் பிறந்தபோது இருந்த ஈயம், மாறாமல் அப்படியே. அரிசோனாவின் விண்கல் பள்ளத்தை உண்டாக்கிய கான்யன் டையப்லோ விண்கல்லிலிருந்து அப்படியொரு கட்டியை எடுத்து ஈயத்தைப் பிரித்தார்கள். 1953இல் பேட்டர்சன் அதை சிகாகோவுக்குப் பக்கத்தில் உள்ள ஆர்கான் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், மார்க் இங்ராமின் நிறைநிரல்மானியில் அளந்தார். ஈயம்-206க்கும் 204க்கும் உள்ள விகிதம் சுமார் 9.5 வந்தது. இன்றைய பூமியின் சாதாரண ஈயத்தில் அது 18, 19 அளவில் இருக்கும். இடைப்பட்ட வித்தியாசம் முழுவதும் காலம் சேர்த்தது.

முழு வாதத்தையும் அவர் 1956இல் வெளியிட்டார், ஒரு சிறிய கட்டுரையில். மூன்று கல் விண்கற்கள், இரண்டு இரும்பு விண்கற்கள், ஆக ஐந்து. 206/204 விகிதத்தை ஒரு அச்சிலும் 207/204 விகிதத்தை இன்னொரு அச்சிலும் வைத்துப் புள்ளிகளைக் குறித்தால் எல்லாம் ஒரே நேர்கோட்டில் விழுகின்றன. இந்தக் கோட்டுக்குச் சமகாலக்கோடு என்று பெயர். ஒரே நேரத்தில், ஒரே தொடக்க ஈயத்தோடு, வெவ்வேறு அளவு யுரேனியத்தோடு உருவான பொருட்கள் மட்டுமே இப்படி ஒரு கோட்டில் விழும். கோட்டின் சரிவிலிருந்து வயது கிடைக்கிறது: 455 கோடி ஆண்டுகள், கூடவோ குறையவோ 7 கோடி.

அதுவரை விண்கற்களின் வயதுதான் கிடைத்திருக்கிறது. பூமிக்கும் அதே வயது என்பதற்கு இன்னொரு படி வேண்டும். கடலடி வண்டல் என்பது கண்டங்களின் பாறைகள் தேய்ந்து கலந்து படிந்தது, ஒரு வகையில் பூமியின் மேற்பரப்பு முழுவதற்குமான சராசரி. அந்த வண்டலின் ஈயத்தை அளந்தால் அதுவும் அதே கோட்டில் விழுந்தது. அப்படியானால் பூமியும் அதே குடும்பம்.

இங்கே மூன்று விஷயங்களைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. ஒன்று, அதே 1953இல் ஃப்ரிட்ஸ் ஹௌட்டர்மான்ஸ் என்ற இயற்பியலாளர் பேட்டர்சனின் ட்ரோய்லைட் எண்களை எடுத்துக் கணக்குப் போட்டு ஏறக்குறைய இதே வயதை வெளியிட்டுவிட்டார், பிழை வரம்புதான் பெரியது. இரண்டு, கடல் வண்டல் கோட்டில் விழுந்ததில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருக்கிறது. பின்னாளில் கடலடி எரிமலைப் பாறைகளை நிறைய அளந்தபோது அவை பெரும்பாலும் கோட்டுக்கு வலப்பக்கம் விழுந்தன. பூமியின் மையக்கரு பிரிந்தபோது ஈயம் எங்கே போனது, எப்போது போனது என்பதோடு தொடர்புள்ள இந்தச் சிக்கலை ஈயப் புதிர் என்று இன்றும் விவாதிக்கிறார்கள். மூன்று, சிதைவு வேகங்கள் பிறகு இன்னும் துல்லியமாக அளக்கப்பட்டன. விண்கற்களில் உள்ள மிகப் பழைய துகள்களுக்கு இப்போது சொல்லப்படும் வயது சுமார் 456.7 கோடி ஆண்டுகள். 1956இன் எண்ணுக்கு அவர் கொடுத்த பிழை வரம்புக்குள்ளேயே இது அடங்குகிறது. எழுபது ஆண்டு பழைய அளவீடு இப்படி நின்றுபிடிப்பது அபூர்வம்.

## கடல்நீரில் ஈயம் தலைகீழாக இருந்தது

வயதுக் கணக்கு முடிந்த பிறகு ஈயம் பூமியில் எப்படிச் சுற்றுகிறது என்று பார்க்கத் தொடங்கினார். பாறை தேய்கிறது, ஆறு கடலுக்குக் கொண்டுபோகிறது, கடல் அடியில் படியவைக்கிறது. ஆற்றின் வழியாக மெதுவாக வரும் உலோகங்களில் பல கடலின் மேல்மட்டத்தில் குறைவாகவும் ஆழத்தில் அதிகமாகவும் இருக்கும். பேரியம் அப்படித்தான். ஈயம் தலைகீழாக இருந்தது. மேலே அதிகம், கீழே போகப்போகக் குறைவு.

ஆழ்கடல் நீர் மேலே வந்து கலக்க நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். மேல்மட்டத்தில் மட்டும் ஈயம் குவிந்திருக்கிறது என்றால் அது சமீபத்தில், மேலேயிருந்து, காற்று வழியாக வந்திருக்க வேண்டும். 1960களின் தொடக்கத்தில் சாய்ஹ்வா சௌ, மிட்சுனோபு டட்சுமோட்டோ ஆகியோருடன் சேர்ந்து இதைக் கட்டுரைகளாக எழுதினார். மலைப்பனியிலும் ஈயம் அளவுக்கு மீறி இருந்தது. காற்றில் அவ்வளவு ஈயத்தைக் கொட்டியவற்றில் முதல் இடம் பெட்ரோலுக்கு.

பெட்ரோலில் ஈயம் எதற்கு என்று கேட்கலாம். என்ஜினுக்குள் எரிபொருள் நேரம் தவறி வெடித்தால் தட்டுகிற சத்தம் வரும், ஆற்றலும் வீணாகும். டெட்ராஎத்தில் ஈயம் என்ற சேர்மத்தைச் சிறிதளவு கலந்தால் அது நின்றுவிடும் என்று 1921இல் ஜெனரல் மோட்டார்ஸில் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்தார். 1923இல் விற்பனைக்கு வந்தது. 1924இல் நியூ ஜெர்சி ஆலையில் தொழிலாளர்கள் அதன் நச்சால் மனநிலை தடுமாறி இறந்தார்கள், அதன் பிறகும் உற்பத்தி தொடர்ந்தது. என்ஜினில் எரிந்த ஈயம் மிக நுண்ணிய தூசியாகப் புகைக்குழாய் வழியாக வெளியே போகும். சிகாகோ ஆய்வகத்தில் அவரைப் படுத்திய ஈயத்தில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான். ஒரு கேள்விக்கு இடைஞ்சலாக இருந்த அழுக்கு அடுத்த கேள்வியாக மாறியது இப்படித்தான்.

## "வழக்கமானது" வேறு, "இயற்கையானது" வேறு

1965இல் ஒரு மருத்துவ இதழில் பேட்டர்சன் எழுதிய நீண்ட கட்டுரைதான் மோதலைத் தொடங்கிவைத்தது. அன்றைய அமெரிக்கரின் உடலில் உள்ள ஈயம் இயற்கையாக இருக்க வேண்டியதைப் போலச் சுமார் 100 மடங்கு என்று அவர் கணக்கிட்டிருந்தார். அதுவரை இந்தத் துறையில் கடைசி வார்த்தை ராபர்ட் கெஹோ என்ற மருத்துவருடையது. சின்சினாட்டியின் கெட்டரிங் ஆய்வகத்தை நடத்திவந்தவர், ஈயச் சேர்மத்தைத் தயாரித்த எத்தில் நிறுவனத்தின் மருத்துவ ஆலோசகரும் அவரே. அவருடைய நிலைப்பாடு சுருக்கமாக இது:

1. மனித உடலில் ஈயம் இருப்பது இயற்கையே.
2. உள்ளே வரும் ஈயத்தை உடல் வெளியேற்றிச் சமநிலை காக்கும்.
3. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 80 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் நோய் வராது.
4. பொதுமக்களிடம் அந்த அளவு இல்லை, ஆகவே ஆபத்து இல்லை.

முதல் வரி விழுந்தால் மற்ற மூன்றும் ஆட்டம் காணும். அந்த முதல் வரிக்கு கெஹோ காட்டிய ஆதாரங்களில் ஒன்று, தொழிற்சாலைகள் இல்லாத மெக்சிகோ கிராம மக்களிடமும் ஈயம் இருந்தது என்பது. ஆனால் அந்த மக்கள் ஈய மெருகு பூசிய மண்பாத்திரங்களில் சாப்பிட்டார்கள். ஈயம் படாத மனிதர்கள் என்று ஒப்பிட எடுத்தவர்களே ஈயத்தோடு வாழ்ந்தவர்கள். பேட்டர்சனின் பாஷையில் சொன்னால் வெற்று அளவீடே அழுக்கு.

எல்லோரிடமும் இருக்கிறது என்பதால் அது இயற்கை ஆகிவிடாது என்பதுதான் பேட்டர்சனின் வாதம். கேட்டால் வெகு சாதாரணமாக இருக்கிறது. ஆனால் அன்றைய நச்சியல் நிபுணர்கள் பலருக்கு இது அவர்கள் துறைக்குள் வந்து ஒரு பாறைக்காரர் உளறுவது போல இருந்தது. 1966இல் அமெரிக்க செனட்டர் எட்மண்ட் மஸ்கி காற்று மாசு பற்றி நடத்திய விசாரணையில் கெஹோவும் சாட்சி சொன்னார், பேட்டர்சனும் சொன்னார். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்திலிருந்து அவருக்கு வந்துகொண்டிருந்த ஆய்வு நிதி நின்றுபோனது. 1970களின் தொடக்கத்தில் காற்றில் உள்ள ஈயத்தைப் பற்றித் தேசிய ஆய்வுக் குழுமம் அமைத்த குழுவில் அவருக்கு இடமில்லை. அந்த நேரத்தில் இதை அவரைவிட நன்றாக அளக்கத் தெரிந்தவர் அநேகமாக யாரும் இல்லை.

## பனியும் சூரை மீனும்

இயற்கை அளவு என்ன என்று சொல்ல, மனிதர் கைபடாத பழைய மாதிரி வேண்டும். கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் ஆண்டுதோறும் விழும் பனி அடுக்கடுக்காகக் கிடக்கிறது. முரோசுமி, சௌ, பேட்டர்சன் மூவரும் 1969இல் வெளியிட்ட கட்டுரைப்படி, கி.மு. 800 அளவிலான கிரீன்லாந்துப் பனியோடு ஒப்பிட்டால் 1960களின் பனியில் ஈயம் 200 மடங்குக்கும் மேல் இருந்தது. ஏற்றம் மிகச் செங்குத்தாக ஆனது 1940க்குப் பிறகு. கார்கள் பெருகிய வரைபடத்தோடு அது ஒட்டிப்போனது. தெற்கில், தொழிற்சாலைகளுக்கு வெகு தொலைவில் உள்ள அண்டார்டிகாவில் மிகக் குறைவு. இதைவிட நேரடியான ஆதாரம் கேட்பது கஷ்டம்.

ஆனால் எனக்கு மீன் கட்டுரைதான் அதிகம் பிடிக்கும். 1980இல் டோரதி செட்டிலும் பேட்டர்சனும் எழுதியது. செட்டில் அவருடைய ஆய்வகத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர், தூய்மை முறைகளில் பெரும்பகுதி அவர் கையில்தான் நடந்தது, இருந்தும் பேட்டர்சன் கதைகளில் அவர் பெயர் அபூர்வமாகத்தான் வரும். அவர்கள் அளந்தபோது புதிய சூரை மீனின் சதையில் ஒரு கிராமுக்குச் சுமார் 0.3 நானோகிராம் ஈயம் இருந்தது. நானோகிராம் என்பது ஒரு கிராமில் 100 கோடியில் ஒரு பங்கு. ஈயப் பற்றுவைத்து மூடிய தகர டப்பாவில் அடைத்த அதே மீனில் சுமார் 1,400. அதாவது 4,000 மடங்குக்கும் மேல்.

அதைவிடப் பெரிய செய்தி இன்னொன்று. அரசு ஆய்வகம் ஒன்று அதே வகைப் புதிய மீனில் 400 நானோகிராம் இருப்பதாகச் சொல்லிவந்தது. தன் ஆய்வகத்தின் ஈயத்தையே அது மீனின் ஈயமாக அளந்துகொண்டிருந்தது. இதனால் என்ன ஆகிறது பாருங்கள். புதிய மீனில் 400, டப்பா மீனில் 1,400 என்றால் டப்பாவால் மூன்றரை மடங்குதான் கூடியது என்று தோன்றும், பெரிய விஷயமில்லை என்று விட்டுவிடலாம். உண்மையான கணக்கில் ஆயிரக்கணக்கான மடங்கு. அளவீட்டுப் பிழை வெறுமனே எண்ணைக் கெடுக்கவில்லை, மாசே இல்லை என்ற முடிவைத் தானாக உற்பத்தி செய்துகொண்டிருந்தது. அழுக்கான ஆய்வகங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனதுதான் இதில் மோசம், ஒத்துப்போவதைத்தானே நாம் சரிபார்ப்பு என்கிறோம்.

பழங்காலப் பெரு நாட்டவரின் எலும்புகளையும் அவர் குழு அளந்தது. இன்றைய அமெரிக்கரின் எலும்பில் ஈயம் அதைப் போலப் பல நூறு மடங்கு. யோசெமிட்டி மலைப்பகுதியில் ஆள் நடமாட்டமே குறைந்த தாம்சன் கான்யனில் செடி, எலி, மண் என்று வரிசையாக அளந்ததிலும் தொழில்துறை ஈயம்தான் மேலோங்கியிருந்தது. 1980இல் தேசிய ஆய்வுக் குழுமம் ஈயம் பற்றி வெளியிட்ட அறிக்கைக்கான குழுவில் இந்த முறை அவர் இருந்தார். பெரும்பான்மையோடு உடன்படாமல் 78 பக்கத்தில் தனி மறுப்பு எழுதிச் சேர்த்தார்.

## அப்படியானால் ஈயத்தை நிறுத்தியது அவர்தானா?

தனி மனிதர் ஒருவர் கம்பெனிகளை எதிர்த்து நின்று உலகைக் காப்பாற்றினார் என்ற வடிவத்தில் இந்தக் கதை நிறையச் சுற்றுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் முழுவதும் அப்படி இல்லை. அமெரிக்காவில் ஈயம் வெளியேறியதற்குக் காரணங்கள் பல.

1. 1970இல் உருவான சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1973இல் படிப்படியான குறைப்பை அறிவித்தது.
2. 1975 முதல் புதிய கார்களில் புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கி மாற்றிகள் வந்தன. ஈயம் பட்டால் அதிலுள்ள பிளாட்டினம் செயலிழந்துவிடும். அதனால் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தே தீர வேண்டியிருந்தது. மூளையைக் காப்பாற்ற முடியாத சட்டம் பிளாட்டினத்தைக் காப்பாற்றியது என்று எரிச்சலோடு சொல்லலாம்.
3. ஹெர்பர்ட் நீடில்மேன் 1979இல் குழந்தைகளின் பால்பற்களில் உள்ள ஈயத்தையும் அவர்களுடைய அறிவுத்திறன் மதிப்பெண்களையும் இணைத்துக் காட்டினார். தீங்கு என்ன என்பதை நேரடியாகக் காட்டியது அந்த வரிசை ஆய்வுகள்தான். பேட்டர்சன் காட்டியது எவ்வளவு, எங்கிருந்து என்பதை.

சாலை வாகனங்களுக்கான முழுத் தடை 1996இல் வந்தது, அவர் இறந்து சில வாரங்களில். அதற்கு முன்பே விளைவு தெரிந்துவிட்டது. 1976-80 கணக்கெடுப்பில் அமெரிக்கர்களின் சராசரி இரத்த ஈயம் டெசிலிட்டருக்கு 12.8 மைக்ரோகிராம், 1988-91இல் 2.8. கெஹோ பாதுகாப்பானது என்று சொன்ன 80 எங்கே, இன்று குழந்தைகளுக்கு அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் எச்சரிக்கை எல்லையாக வைத்திருக்கும் 3.5 எங்கே.

## ஆய்வுலகத்தில் அவருடைய தடம்

ஓர் ஆய்வாளரின் தாக்கத்தை இப்போது மேற்கோள் எண்ணிக்கையில்தான் பார்க்கிறார்கள், யார் கட்டுரையை எத்தனை பேர் குறிப்பிட்டார்கள் என்று. பேட்டர்சன் விஷயத்தில் அந்த அளவுகோல் திணறும். பூமியின் வயதைச் சொல்லும்போது பெரும்பாலானவர்கள் 1956ஆம் ஆண்டுக் கட்டுரையைக் குறிப்பிடுவதில்லை, அது பொது அறிவாகிவிட்டது. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இந்த நிலையை விளக்கியிருக்கிறார்: ஒரு கண்டுபிடிப்பு துறைக்குள் அவ்வளவு ஆழமாகக் கரைந்துவிட்டால் அதன் மூலத்தைச் சொல்வதே நின்றுபோகும். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் வெற்றியும் மறதியும் ஒரே மாதிரி தெரியும். அவர் தடத்தைத் தேட வேண்டிய இடங்கள் வேறு.

1. ஐசோடோப் புவிவேதியியல். சமகாலக்கோட்டை வைத்து விண்கல், நிலாப் பாறை எல்லாவற்றுக்கும் வயது பார்ப்பது இன்று அன்றாட வேலை. சிர்கானை வைத்து வயது சொல்வதும் சிகாகோவில் அவரும் டில்டனும் செய்த வேலையின் தொடர்ச்சி.

2. கடல் வேதியியல். 1981இல் பெர்ன்ஹார்ட் ஷௌலேயும் பேட்டர்சனும் பசிபிக் ஆழ்கடலில் ஒரு கிலோ நீருக்குச் சுமார் ஒரு நானோகிராம் ஈயம்தான் என்று காட்டியபோது, அதுவரை வெளியான எண்களில் பெரும்பாலானவை கப்பலின் துருவையும் மாதிரிக் குடுவையின் அழுக்கையும்தான் அளந்திருந்தன என்று தெரிந்தது. அவருடைய குழுவின் பழைய எண்களும் அதில் அடக்கம். துறை பழைய தரவுகளை ஓரங்கட்டிவிட்டுப் புதிதாக அளக்கத் தொடங்கியது. இந்தத் தூய்மை முறைகள் பரவிய பிறகுதான் கடல்நீரில் இரும்பு எவ்வளவு அரிது என்று தெரிந்தது. பெருங்கடலின் சில பகுதிகளில் பாசி வளராததற்கு இரும்புப் பற்றாக்குறையே காரணம் என்று 1980களின் கடைசியில் ஜான் மார்ட்டின் சொன்ன கருத்து அந்த அளவீடுகள் இல்லாமல் வந்திருக்காது. ஈயத்தோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, கைமுறை மட்டும் ஒன்று.

3. வரலாறு. 1994இல் பிரான்ஸின் குழுவோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில், கிரேக்க, ரோமானியர் வெள்ளி உருக்கியபோது பறந்த ஈயம் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய கிரீன்லாந்துப் பனியில் பதிவாகியிருப்பதைக் காட்டினார்கள். பண்டைய பொருளாதாரம் எப்போது ஏறியது, எப்போது சரிந்தது என்பதை வரலாற்று அறிஞர்கள் இன்று பனியிலிருந்து படிக்கிறார்கள்.

4. மாசுக்கட்டுப்பாடு. "இயற்கை அளவு" எது என்று முதலில் நிறுவிவிட்டுப் பிறகு மாசைப் பேசும் பழக்கம். பாதரசம் பற்றிய விவாதத்திலும் இதே வரிசையில்தான் பேசுகிறார்கள்.

பட்டங்களைப் பொறுத்தவரை எல்லாம் தாமதமாகவே வந்தன. புவிவேதியியலுக்கான கோல்ட்ஷ்மிட் பதக்கம் 1980இல், தேசிய அறிவியல் கழக உறுப்பினர் தகுதி 1987இல், கால்டெக்கில் முழுப் பேராசிரியர் பதவி 1989இல். அதாவது அங்கே சேர்ந்து ஏறத்தாழ 37 ஆண்டுகள் கழித்து, பூமிக்கு வயது சொல்லி 33 ஆண்டுகள் கழித்து. இதில் நிறுவனத்தை மட்டும் குறை சொல்ல முடியாது, பாடம் நடத்துவதிலும் குழுக் கூட்டங்களிலும் அவருக்கு ஆர்வம் இருந்ததில்லை. சுற்றுச்சூழல் துறைக்கான டைலர் பரிசு 1995இல், கடைசி ஆண்டில்.

1991இல் கிரீன்லாந்திலிருந்து இன்னொரு அளவீடு வெளியானது. பிரெஞ்சு ஆய்வாளர் குளோட் பூட்ரான் குழுவின் கணக்குப்படி, 1960களின் கடைசியிலிருந்து அங்கே விழுந்த பனியில் ஈயம் ஏழரை மடங்கு குறைந்திருந்தது. சாலையில் நின்றுபோனாலும் வானத்தில் முழுவதும் நிற்கவில்லை. பிஸ்டன் என்ஜின் வைத்த சிறிய விமானங்கள் இன்றும் பெரும்பாலும் ஈயம் கலந்த எரிபொருளில்தான் பறக்கின்றன, அமெரிக்காவில் காற்றில் கலக்கும் ஈயத்துக்கு இப்போது முதல் காரணம் அவைதான். அந்தப் புகை பொதுமக்கள் உடல்நலத்துக்கு ஆபத்து என்ற முடிவுக்கு அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை முறைப்படி வந்தது 2023 அக்டோபரில்.